நம் அலுவலகக் கணினியும் நால்வகை விசைப்பலகையும்

சென்ற மாத இதழ் ஒன்பது நாட்கள் தாமதமாக வந்ததென்று அன்பர்கள் பலர் கடிதம் எழுதியிருக்கின்றனர். சிலர் தொலைபேசியிலும் கடிந்துகொண்டனர். தபால் இலாகாவின் மீது பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்வது எளிது. ஆயினும் இம்முறை குற்றம் தபாலினுடையதன்று. நம் சங்க அலுவலகத்தில் சன்னலோரமாக இருக்கும் மேசைக் கணினியே காரணம். உள்ளபடி சொல்வதானால், அக்கணினி முன் மாறி மாறி அமரும் நம்முடைய கைகளே காரணம். இதழ் தாமதத்தைக் காட்டிலும் பெரியதொரு பிழையும் அதனால் நேர்ந்துவிட்டது. நம் அங்கத்தினருள் ஒருவருக்குச் சேரவேண்டிய மருத்துவ உதவி ஆறு வாரங்கள் தடைப்பட்டது. இரண்டையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறோம். நேயர்கள் வீட்டிலும் இத்தகைய கணினி ஒன்று இருக்கும். அதில் தாத்தா ஒரு விதமாகவும் பேத்தி ஒரு விதமாகவும் தமிழ் எழுத முயன்றுகொண்டிருப்பார்கள்.

மும்பையில் நம் அலுவலகம் ஒரே அறை என்பதை வந்து பார்த்தவர்கள் அறிவார்கள். கணினியும் ஒன்றே. அதில் வேலை செய்வோர் நால்வர். முதியவர் நம் தட்டச்சர். திருநெல்வேலிச் சீமையில் தட்டச்சுப் பயின்று, தமிழ்த் தட்டச்சில் மேல்நிலைத் தேர்வு எழுதித் தேறியவர். சிறியோர் பெரியோர் அனைவருக்கும் அவர் அண்ணாச்சி. நம் காரியதரிசி ‘தமிழ் 99’ முறையில் எழுதுகிறவர். மூன்றாமவர், மும்பையிலேயே பிறந்து கல்லூரியில் பயிலும் ஒரு பெண். தமிழை வீட்டில் பேசிப் பழகியவர். ஆகவே ஆங்கில எழுத்துகளை ஒலிக்கேற்பத் தட்டித் தமிழ் வரவழைக்கிறார். நான்காமவர் கணக்கு எழுதும் மராட்டிய நண்பர். அவருக்குத் தேவநாகரியும் ஆங்கிலமும் போதும். தமிழ் திடீரென்று குறுக்கே வந்தால் பதறிவிடுவார்.

நால்வரும் தட்டுவது ஒரே பலகையைத்தான். ஆயினும் எழுத்து விழும் விதம் நால்வருக்கும் வெவ்வேறு. இடக்கைச் சுட்டுவிரல் தங்கும் ‘எஃப்’ என்னும் விசையையே எடுத்துக்கொள்வோம். அண்ணாச்சி பயின்ற பழைய தட்டச்சு முறையில் அங்கே ‘க’ இருக்கிறது. தமிழ் 99 முறையில் அதே இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறது. மத்திய அரசின் மின்னணுத் துறை 1986-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த ‘இன்ஸ்கிரிப்ட்’ முறையில் அவ்விடத்தில் இகரக் குறி உளது. ‘கே’ என்னும் விசை இன்ஸ்கிரிப்ட் முறையில் ‘க’ தரும். தமிழ் 99 முறையில் ‘ம’ தரும். பலகையின் மேல் அச்சிட்டிருப்பதோ ஆங்கில எழுத்து மட்டும். ஆக, எந்த முறை இப்போது வழக்கில் உள்ளது என்பது திரையின் கீழ்மூலையில் உள்ள சிறு குறியைப் பார்த்தாலன்றித் தெரியாது. அக்குறியை நம்மில் ஒருவரும் பார்ப்பதில்லை என்பதே இக்கதையின் தொடக்கம்.

இத்தனை முறைகள் ஏன் பிறந்தன என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். ஒவ்வொன்றும் அதனதன் காலத்தில் ஒரு தேவைக்காகவே பிறந்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்க முனைந்தபோது 247 எழுத்துகளை ஒரு சிறு பொறிக்குள் அடக்க வேண்டியிருந்தது. உயிர்மெய்யைக் கொம்பு, கால், எழுத்து என்று பிரித்து அடிக்கும் வழக்கம் பொறியின் இடநெருக்கடியால் வந்தது. பின்னர் கணினி வந்தபோது, எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் வடிவத்தை ஒளித்துவைத்தன. ‘பாமினி’ எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுதிய கோப்பை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள்: ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். நம் சங்கத்தின் பழைய ஆண்டு மலர்க் கோப்புகள் சில இன்றும் அந்த நிலையில்தான் இருக்கின்றன.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்டதே தமிழ் 99 விசைப்பலகை. உயிரெழுத்துகள் பன்னிரண்டும் இடப்புறம். மெய்களில் பெரும்பாலானவை வலப்புறம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டுகள் போதும். எமக்கு இம்முறையின் மேல் சற்றுப் பற்று உண்டு என்பதை ஒளிப்பானேன்? தமிழை எழுத்தாக அறிந்தவருக்கு இதைவிட இயல்பான ஏற்பாடு இல்லை. ஆனால் அறுபது வயதைத் தாண்டிய விரல்களிடம் போய், நாற்பதாண்டுப் பழக்கத்தை மறந்துவிடு என்று சொல்ல எமக்குத் துணிவில்லை. அண்ணாச்சி அடிக்கும் வேகத்தில் எம்மில் ஒருவராலும் பாதி கூட அடிக்க இயலாது.

இனி, நடந்ததைச் சொல்வோம்.

இதழ் வேலை மும்முரமாக நடந்த ஒரு மாலையில் அண்ணாச்சி, “பலகை செத்துப்போச்சு” என்று அறிவித்தார். ஐந்து எழுத்து அடித்தால் ஒன்று விழுகிறது. சில வேளை ஒன்றுமே விழவில்லை. பழுது பார்க்கும் கடைக்குப் பையன் ஒருவன் ஓடினான். கடைக்காரர் வந்து பார்த்துப் புதிய பலகை ஒன்றை மாட்டிப் பணமும் பெற்றுச் சென்றார். புதிய பலகையிலும் அதே கதை. மறுநாள் அவர், கணினி முழுவதையும் துடைத்துப் புதிதாக நிரப்ப வேண்டும் என்றார். பன்னிரண்டு ஆண்டுகளின் அங்கத்தினர் பட்டியலும் கணக்கும் அதில் இருக்கின்றன. எமக்கு வயிற்றைக் கலக்கியது.

கல்லூரிப் பெண்தான் பொறுமையாக ஒரு காரியம் செய்தார். தமிழை முற்றிலும் நிறுத்திவிட்டு, ‘நோட்பேட்’ என்னும் வெறுந்தாளைத் திறந்து ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தார். ஆங்கிலமும் விழவில்லை. ஆனால் விசையை ஒரு விநாடி அழுத்திப் பிடித்தால் விழுந்தது. பிறகு விண்டோஸ், கன்ட்ரோல், ஓ ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தித் திரையிலேயே ஒரு விசைப்பலகையை வரவழைத்தார். அதில் எலியால் தொட்ட எழுத்துகள் பிழையின்றி வந்தன. பலகையும் சாகவில்லை, கணினியும் கெடவில்லை என்பது அப்போதே விளங்கிவிட்டது.

வலப்பக்க ஷிப்ட் விசையை எட்டு விநாடி தொடர்ந்து அழுத்தியிருந்தால் விண்டோஸ் கணினி ‘ஃபில்டர் கீஸ்’ என்றோர் ஏற்பாட்டை இயக்கட்டுமா என்று கேட்கும். கை நடுக்கம் உள்ளவர்களுக்காக, தவறுதலாகப் பட்ட தட்டுகளைப் புறக்கணிக்கும் நல்ல ஏற்பாடு அது. அண்ணாச்சிக்குக் கையெழுத்துப் பிரதியைப் படிக்கும்போது வலச் சிறுவிரலை ஷிப்டின் மேல் ஊன்றி வைக்கும் பழக்கம் உண்டு. ஏதோ ஓசை கேட்டிருக்கிறது. ஏதோ பெட்டி தோன்றியிருக்கிறது. அதை ஒழிக்க ‘என்டர்’ தட்டியிருக்கிறார். ‘ஆம்’ என்று விடையளித்ததாகக் கணினி எடுத்துக்கொண்டது. அன்று முதல் அவருடைய வேகமான தட்டுகள் யாவும் நடுக்கமென்று தள்ளப்பட்டன! செட்டிங்ஸில் ‘அக்சஸிபிலிட்டி’ பகுதியில் விசைப்பலகைக்கென்று உள்ள பக்கத்தில் அதை நிறுத்தினோம். அத்துடன் ஷிப்டை அழுத்தி அதை எழுப்பும் குறுக்குவழியையும் நிறுத்தினோம். ஷிப்டை ஐந்து முறை தட்டினால் தோன்றும் ‘ஸ்டிக்கி கீஸ்’ என்பதற்கும் அதே மருந்து. புதிய பலகை இப்போது அலமாரியில் தூங்குகிறது.

எழுத்து விழத் தொடங்கிற்று. ஆனால் விழுந்த எழுத்து தமிழாக இல்லை. ஒரு சொல்லில் பாதி அண்ணாச்சியின் முறைப்படியும் பாதி ஒலிமுறைப்படியும் குழம்பி வந்தது. இது வேறு நோய்.

அண்ணாச்சிக்காகத் தட்டச்சு முறையைத் தரும் ஒரு செயலி கணினியில் முன்பே இருந்தது. கல்லூரிப் பெண் தம் வசதிக்காக ஒலிமுறைச் செயலி ஒன்றை இணையத்திலிருந்து இறக்கியிருந்தார். காரியதரிசியோ விண்டோஸிலேயே உள்ள தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்திருந்தார். இரண்டு செயலிகளும் கணினி விழிக்கும்போதே தாமும் விழித்துக்கொள்பவை. இரண்டையும் இயக்கும் குறுக்கு விசையும் ஒன்றாகவே அமைந்துவிட்டது. ஒருவர் தம் செயலியைத் தட்டி எழுப்பினால் மற்றதும் உடனெழும். போதாக்குறைக்கு விண்டோஸின் மொழிக் குறி தமிழில் நின்றுவிட்டால், செயலிகள் கைவிட்ட தட்டுகளை அது தமிழாக்கிவிடும். ஒரே கடிதத்தை மூவர் ஒரே சமயத்தில் மொழிபெயர்த்தால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது.

இதற்கு நாம் செய்த வைத்தியத்தைச் சற்று விரித்தே சொல்கிறோம். வீட்டில் இதே தொல்லை உடையவர்களுக்குப் பயன்படும். முதலில், கடிகாரத்தின் அருகே வரிசையாக நிற்கும் சிறு படங்களில் தமிழ்ச் செயலிகள் எவையெவை என்று பார்த்து அனைத்தையும் மூடினோம். பின் ஒவ்வொன்றாகத் திறந்து சோதித்தோம். ‘டாஸ்க் மேனேஜர்’ என்பதில் ‘ஸ்டார்ட்அப்’ என்ற பகுதி உண்டு. அங்கே இரண்டு செயலிகளும் தாமாக விழிப்பதைத் தடுத்தோம். செயலியைக் கொண்டு எழுதும்போது விண்டோஸின் மொழிக் குறி ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். விண்டோஸின் தமிழ்ப் பலகையைக் கொண்டு எழுதும்போது செயலிகள் உறங்க வேண்டும். இரண்டும் ஒருசேர விழித்திருத்தல் ஆகாது. இதை ஒரு தாளில் எழுதிக் கணினியின் மேலேயே ஒட்டியிருக்கிறோம்.

அடுத்தது, தானே மாறும் மொழி. இடப்பக்க ஆல்ட், ஷிப்ட் இரண்டையும் ஒருங்கே அழுத்தினால் மொழி மாறும். கன்ட்ரோல், ஷிப்ட் இரண்டும் சேர்ந்தால் அம்மொழிக்குள் பலகை மாறும். வேறு காரியத்துக்காக இவ்விசைகள் கையில் பட்டாலும் மாற்றம் நிகழ்ந்துவிடும். செட்டிங்ஸில் ‘டைப்பிங்’ பகுதியில் ‘அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்’ என்ற பக்கத்தின் வழியே சென்று இவ்விரு குறுக்குவழிகளையும் எடுத்துவிட்டோம். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் போதும். அதே பக்கத்தில், ஒவ்வொரு சாளரமும் தனக்கென ஒரு மொழியை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்டம் உளது. கணக்கு நண்பருக்கு அது வரப்பிரசாதம். ஒரு சாளரத்தில் ஆங்கிலமும் ஒன்றில் மராட்டியும் நிற்கும். அண்ணாச்சிக்கோ அது வீண் குழப்பம்.

அதனால்தான் இறுதியில் நால்வருக்கும் கணினிக்குள் தனித்தனிக் கணக்கு திறந்தோம். ஒரு கணக்கில் சேர்த்த விசைப்பலகைப் பட்டியல் மற்றதில் தலையிடாது. ஒரே வீட்டில் நான்கு அடுப்பா என்று காரியதரிசி முதலில் தயங்கினார். நான்கு அடுப்பு இருந்தால் சண்டை குறையும் என்று கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த எவரும் சொல்வார்களே!

நுழைவாயிலிலும் ஒரு தொல்லை இருந்தது. திங்கட்கிழமை காலை மராட்டிய நண்பர் கடவுச்சொல்லைப் பத்து முறை அடித்தும் கணினி கதவைத் திறக்கவில்லை. கடவுச்சொல் பெட்டியில் வெறும் புள்ளிகளே தெரியும். அடியில் விழுந்துகொண்டிருந்தது தமிழ். நுழைவுத் திரையின் மூலையிலும் மொழிக் குறி உண்டு. அதை ஆங்கிலமாக்கியதும் கதவு திறந்தது. நிர்வாக மொழி அமைப்புகளில், நம் ஏற்பாட்டை நுழைவுத் திரைக்கும் படியெடுக்கும் வசதி இருக்கிறது, அதையும் செய்தோம். மின்னஞ்சல் முகவரியில் ‘அட்’ குறி அடித்தால் மேற்கோள் குறி விழுகிறது என்று அங்கத்தினர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் கணினியில் ஆங்கிலப் பலகை பிரிட்டன் முறையில் இருக்கிறது. அங்கே இரண்டின் மேல் மேற்கோள் குறியே உண்டு. அமெரிக்க முறையைச் சேர்த்து, பிரிட்டன் முறையை நீக்குக. நீக்கினாலும் போகாமல் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருந்தால், அதையே மறுபடி ஒருமுறை சேர்த்து உடனே நீக்கினால் பெரும்பாலும் போய்விடும்.

இவ்வளவும் இதழ் தாமதத்தின் கதை. மருத்துவ உதவியின் கதை இச்சோதனையின்போதுதான் வெளிப்பட்டது.

அண்ணாச்சி தம் விரல்களைச் சோதிக்கத் தமக்குத் தெரிந்த பெயர்களை அடித்துக்கொண்டிருந்தார். அவற்றுள் ‘சௌ’ என்னும் எழுத்தில் தொடங்கும் ஓர் அம்மையாரின் பெயரும் இருந்தது. கல்லூரிப் பெண் அதைப் பார்த்துவிட்டு, “இவங்கதானே கண் ஆபரேஷனுக்கு உதவி கேட்டவங்க? அங்கத்தினர் இல்லைன்னு மனுவைத் திருப்பிட்டோமே” என்றார்.

“இல்லைன்னு எப்படிம்மா சொல்லுத? பட்டியல்ல அவங்க பேரை நாந்தானே அடிச்சேன்.”

“நான் தேடிப் பார்த்தேன், அண்ணாச்சி. வரலை.”

அவர் தேடினார், வரவில்லை. அண்ணாச்சி தம் முறையில் அதே பெயரை அடித்துத் தேடினார், உடனே வந்தது. பெயர், தாராவி முகவரி, 1978-இல் சேர்ந்ததாகக் குறிப்பு, அன்று முதல் தவறாமல் கட்டிய சந்தா. இரண்டு பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் வைத்துப் பார்த்தோம். கண்ணுக்கு இம்மியளவும் வேறுபாடு இல்லை.

பழைய தட்டச்சு முறையில் ஔகாரத்துக்குத் தனிக் குறி கிடையாது. கொம்பை அடித்து, ‘ச’ அடித்து, பக்கத்தில் ‘ள’ அடித்துவிட்டால் தாளில் ‘சௌ’ என்றே தோன்றும். தாளுக்கு அது போதும். கணினிக்கோ எழுத்தின் வடிவம் தெரியாது, எண்தான் தெரியும். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடு முறையில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அதில் ஔகாரக் குறிக்கு ஓர் எண். எகரக் கொம்புக்கு வேறோர் எண். ளகரத்துக்கு இன்னோர் எண். அண்ணாச்சி அடித்தது கணினியின் கணக்கில் ‘செ’யும் ‘ள’வும், மாணவி தேடியது ‘சௌ’. நாற்பதாண்டுக்கு மேலாகச் சந்தா கட்டிய அம்மையார் இந்த இரண்டுக்கும் இடையிலிருந்த இடைவெளியில் காணாமற் போனார்.

அண்ணாச்சி அன்று மாலை தேநீர் கூடக் குடிக்கவில்லை. அவர் மீது குற்றமில்லை. அவர் கற்றது அப்படி. தேடியவர் மீதும் குற்றமில்லை. பெயர் கிடைக்கவில்லை என்றதும் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்காமல், ‘அங்கத்தினர் அல்லர்’ என்று எழுதிக் கையொப்பமிட்டோமே, அந்தக் கையொப்பம் நம்முடையது. மறுநாளே தாராவிக்குச் சென்று அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டோம். “பேரு இல்லைன்னு காகிதம் வந்ததும், நான்தான் ஏதோ ஒரு வருஷம் கட்ட மறந்துட்டேனோன்னு ரசீதையெல்லாம் எடுத்து எண்ணிக்கிட்டு இருந்தேன், தம்பி” என்றார். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ரசீதுகள் வைத்திருந்தார். ஒன்றும் குறையவில்லை. உதவித் தொகை அவ்வாரமே கொடுக்கப்பட்டது; இடக் கண்ணில் அறுவை முடிந்து நலமாக இருக்கிறார்.

பட்டியலை இப்போது திருத்திக்கொண்டிருக்கிறோம். கொம்பும் ளகரமும் சேர்ந்து வருமிடமெல்லாம் ஔகாரமாக மாற்றிவிடு என்று கணினிக்கு ஒரே கட்டளை இட்டுவிடலாம் என்று முதலில் எண்ணினோம். நல்லவேளையாகப் பட்டியலின் படி ஒன்றில்தான் சோதித்தோம். வெள்ளைச்சாமிகளும் வெள்ளையம்மாள்களும் அடையாளம் தெரியாமல் உருக்குலைந்துபோனார்கள்! ஆகவே ஒவ்வொரு பெயராகக் கண்ணால் பார்த்தே திருத்துகிறோம். ‘ஸ்ரீ’ என்பதிலும் இதே சிக்கல் உண்டு. சில பலகைகள் அதைச் சகரத்துக்கு இனமான ஓர் எழுத்தைக் கொண்டும், சில வேறோர் எழுத்தைக் கொண்டும் ஆக்குகின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. காலுக்குப் பதில் ரகரம் விழுந்த பெயர்களும் சில அகப்பட்டன. இனிப் பெயரைக் கொண்டு மட்டும் தேடாமல், அங்கத்தினர் எண்ணைக் கொண்டும் தேடுவது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

கௌரி, கௌசல்யா, சௌந்தரராஜன், மௌலி போன்ற பெயருடைய அன்பர்களும், ‘ஸ்ரீ’ சேர்ந்த பெயருடைய அன்பர்களும் தம் அங்கத்தினர் எண்ணையும் சேர்ந்த ஆண்டையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புமாறு வேண்டுகிறோம். கடந்த மூன்றாண்டுகளில் எவருக்கேனும் ‘அங்கத்தினர் அல்லர்’ என்று நம் அலுவலகத்திலிருந்து மனு திரும்பி வந்திருந்தால், அதையும் ரசீதுடன் கொண்டுவந்து காட்டுக. ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை அண்ணாச்சியும் அந்த மாணவியும் கணினி அருகிலேயே இருப்பார்கள். வீட்டுக் கணினியில் தமிழ் எழுதத் தொல்லைப்படுவோரும் அவ்வேளையில் வரலாம். எந்தச் செயலி வைத்திருக்கிறீர்கள் என்பதைக் குறித்துக்கொண்டு வந்தால் வேலை விரைவாக முடியும்.